வியூஸ் நாலு லட்சம்; கேட்டவர்கள் எத்தனை பேர்?

கேள்வி: மேடம், வணக்கம். ஒரு செய்தி இணையதளத்தில் மூன்று வருடமாக சப்-எடிட்டராக இருக்கிறேன். வயது 27. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று ஒரு முன்னணி நடிகரின் மகளுடைய மார்க் ஷீட் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ‘அப்பாவுக்குக் கோடிகளில் சம்பளம்... மகளின் மார்க் இவ்வளவுதானா? ஷாக்கான ரசிகர்கள்!’ என்று தலைப்பு வைத்து நான்தான் எழுதினேன். பள்ளிச் சீருடையில் அந்தப் பெண் நிற்கிற பழைய படம் ஒன்றையும் போட்டோம். நாலு லட்சம் வியூஸ். அதே வாரம், ஒரு பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடப்பதைப் பற்றி மூன்று நாள் அலைந்து எழுதினேன். அது 800-ஐத் தாண்டவில்லை. மறுநாள் அந்த நடிகரின் ரசிகர்கள் எங்களைத் திட்டினார்கள். போட்டி நடிகரின் ரசிகர்கள் அந்தப் பெண்ணை வைத்து மீம் போட்டார்கள். ‘ரெண்டுமே டிராஃபிக்தான்’ என்று எடிட்டர் சிரித்தார். ‘வாசகன் கேக்குறான், நாம குடுக்குறோம்’ என்பது அவர் கட்சி. என் தங்கையும் இந்த வருடம்தான் பத்தாவது எழுதினாள். அதனாலோ என்னவோ, சில நாளாகத் தூக்கம் சரியில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, வேலையை விட முடியாது. நான் செய்தது தப்பா? வாசகர் விரும்புவதைக் கொடுப்பதில் என்ன தப்பு? இந்த வேலையில் இருந்துகொண்டே என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், சென்னை.

தம்பிக்கு வணக்கம்.

தப்புதான். சுற்றி வளைக்காமல் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் அது தெரியும், தெரியாதவருக்குத் தூக்கம் கெடாது. ஆனால் ‘வாசகன் கேட்கிறான்’ என்று உங்கள் எடிட்டர் சொல்வதை நீங்களும் பாதி நம்புகிறீர்கள் என்பது கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. எனக்கு அதுதான் கவலை.

நாளை ஷிஃப்டில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது அந்த நாலு லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். எந்த வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று அனலிட்டிக்ஸ் தனித்தனியாகக் காட்டும். அந்த நடிகரின் பெயரோடு மகள், மார்க் என்றெல்லாம் அடித்து கூகுளில் தேடி வந்தவர்கள் ஒரு வரிசையில் இருப்பார்கள். கூகுள் தானாகவே போனில் கொண்டுவந்து காட்டுகிற ‘டிஸ்கவர்’ வழியாக வந்தவர்கள் இன்னொரு வரிசை. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாக வந்தவர்கள் வேறு. நான் டெஸ்க்கில் இருந்த கடைசி வருடங்களில் பார்த்தவரை, இந்த மாதிரிச் செய்திக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு டிஸ்கவர்தான். டிஸ்கவரில் யாரும் எதையும் தேடுவதில்லை. பஸ்ஸில் போகிற ஒருவர் சும்மா போன் திரையை ஒரு பக்கம் தள்ளுகிறார். ஒரு சிறுமியின் முகமும் ‘இவ்வளவுதானா?’ என்ற கேள்வியும் அவர் கண்ணெதிரே வந்து விழுகின்றன. கட்டைவிரல் தானாகத் தொடுகிறது. பத்து நொடியில் மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

தேடி வந்தவரைக் ‘கேட்டவர்’ என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இவரை எப்படிச் சொல்வது? கல்யாணப் பந்தியில் நாமே இலையில் வைத்துவிட்டு, சாப்பிட்டவரிடம் ‘நீங்கள்தானே கேட்டீர்கள்’ என்று சொல்வது போலல்லவா இருக்கிறது! அதோடு முடிவதும் இல்லை. ஒருமுறை தொட்டவருக்கு இது பிடிக்கும்போல என்று இயந்திரம் முடிவு கட்டிக்கொண்டு, அதே ரகத்தில் இன்னும் ஐந்தைக் கொண்டுவந்து போடும். அதையும் அவர் தொடுவார். உங்கள் ஆபீசில் சுவரில் மாட்டிய போர்டில் எண் ஏறும். போர்டைப் பார்த்து நீங்கள் இன்னும் ஐந்து எழுதுவீர்கள். இதில் எந்த இடத்தில் வாசகர் வாய் திறந்து கேட்டார்?

போகிற போக்கில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மார்க் செய்தியின் தலைப்பை அட்சரம் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். கழிப்பறைச் செய்தியின் தலைப்பைக் கடிதத்தில் காணோம். ‘அடிப்படை வசதியின்றிப் பயணிகள் அவதி’ என்பது மாதிரி ஏதாவது வைத்தீர்களா? நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கிற தலைப்பு அது. மகள் செய்திக்குப் போட்ட மூளையில் பாதியைப் போட்டிருந்தால், அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்றாவது தலைப்பு கேட்டிருக்கும். பிறகு, ‘ஷாக்கான ரசிகர்கள்’ யார்? ஒருவரிடமாவது பேசினீர்களா? செய்தி வெளியான பிறகு ஷாக் ஆனவர்களைச் செய்தி எழுதும்போதே எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜனவரி 23-ஆம் தேதி கேப் டவுனில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய மூன்றாவது ஒருநாள் ஆட்டம் நினைவிருக்கிறதா? விராட் கோலி அரைசதம் அடித்துவிட்டு, அரங்கில் இருந்த தன் குழந்தையைப் பார்த்து மட்டையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினார். கேமரா உடனே அரங்குப் பக்கம் திரும்பியது. அனுஷ்கா சர்மாவின் இடுப்பில் குழந்தை, முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை பிறந்தபோதே, 2021 ஜனவரியில், படம் எடுக்க வேண்டாம், வெளியிட வேண்டாம் என்று மும்பை புகைப்படக்காரர்களிடம் பெற்றோர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு வருடம் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். ஒளிபரப்புக் கேமரா ஒரே நொடியில் அதை உடைத்தது. அதைக்கூட ஆட்டத்தின் வேகத்தில் நடந்தது என்று விட்டுவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வட்டம் போட்டு, ‘முதல்முறையாக வெளியான முகம்’ என்று போட்டவர்கள் நிதானமாக மேசையில் உட்கார்ந்து போட்டவர்கள். எங்களைக் கேமரா பிடிப்பது தெரியாது, எங்கள் வேண்டுகோள் அப்படியேதான் இருக்கிறது என்று மறுநாள் அந்தத் தாய் எழுத வேண்டியிருந்தது. அன்றைக்கு இந்தியா நாலு ரன்னில் தோற்றது. தொடரில் மூன்று ஆட்டத்தையும் பறிகொடுத்தது. அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குப் புரிந்துவிட்டதல்லவா?

இன்னொன்று. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் டால்க் கல் என்று சொல்லி வந்த இரண்டு கன்டெய்னர்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. கிலோ, தம்பி. அடுத்த மாதத் தொடக்கத்தில் மும்பையில் ஒரு சொகுசுக் கப்பல் சோதனையில் கிராம் கணக்கில் போதைப்பொருள் கிடைத்தது. கைதானவர்களில் ஒருவர் ஷாருக் கானின் மகன். அவரிடமிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஆனாலும் மூன்று வாரத்துக்கு மேல் அவர் காவலில் இருந்தார். டிவியில் அந்த மூன்று வாரமும் அவர்தான். வீட்டு வாசலில் கேமரா, சிறை வாசலில் கேமரா, தாயும் தந்தையும் ஏறிய காருக்குப் பின்னால் கேமரா. போதுமான ஆதாரம் இல்லை என்று 2022 மே மாதம் போதைப்பொருள் தடுப்பு அமைப்பே அவரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து விட்டுவிட்டது. அது ஓரிரு நாள் செய்தி.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் வேறு. முந்த்ராவுக்கு வந்த அந்தச் சரக்கை இறக்குமதி செய்ததாகக் கைதான தம்பதி பிடிபட்டது நம் சென்னையில். நம் ஊர் டெஸ்க்குகளுக்குக் கையில் விழுந்த உள்ளூர் ஆங்கிள் அது. எந்தத் தெருவில் அலுவலகம், யார் பெயரில் உரிமம், வங்கியில் யார் கேள்வி கேட்டார்கள் என்று எத்தனை நாள் துருவியிருக்கலாம்! நாங்கள் மும்பைச் சிறைக்குள் அந்தப் பையன் என்ன சாப்பிட்டான் என்று எழுதிக்கொண்டிருந்தோம். ‘நாங்கள்’ என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அப்போது நானும் டெஸ்க்கில்தான் இருந்தேன்.

வாசகர் பக்கம் சாய்வது என்றால் பொய் எழுதுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மேலே சொன்ன செய்திகளில் பெரும்பாலானவற்றில் பொய் இல்லை. கப்பல் உண்மை, கைது உண்மை, உங்கள் மார்க் ஷீட்கூட உண்மையாக இருக்கலாம். எதைத் தூக்கி மேலே வைக்கிறோம், யார் முகத்தைத் தலைப்புக்குக் கீழே ஒட்டுகிறோம் என்பதில்தான் சாய்வு வருகிறது. அந்தச் சாய்வு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் கவனித்தது: அது எப்போதும் ரசிகர் மன்றம் இல்லாதவர் மீதுதான் போய் விழும்.

உங்கள் செய்தியையே பாருங்கள். அந்த நடிகரின் படம் சுமார் என்று நீங்கள் எழுதியிருந்தால் எடிட்டர் நூறு தடவை யோசித்திருப்பார். ரசிகர்கள் பக்கத்தை ரிப்போர்ட் அடிப்பார்கள், தயாரிப்பு நிறுவனம் பேட்டிக்குக் கூப்பிடாது, விளம்பரம் போகும். மகளைப் பற்றி எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. திட்டிய ரசிகர்களும் தங்கள் நடிகரின் பெயர் கெட்டது என்றுதான் திட்டியிருப்பார்கள். மீம் போட்டவர்களுக்கோ அந்தப் பெண் அடிக்கக் கிடைத்த ஒரு கல். நடுவில் அவளுக்காகப் பேச ஒரு ஆள் இல்லை.

2024 நவம்பரில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டில் நடந்ததும் இதுவே. 29 வருட மணவாழ்க்கை முடிவுக்கு வருவதாக 19-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. இசை உலகில் அவரோடு மேடை ஏறிய இன்னொரு கலைஞரும் தன் கணவரைப் பிரிவதாக ஏறக்குறைய அதே நேரத்தில் சொன்னார். அவ்வளவுதான் தகவல். இரண்டையும் முடிச்சுப் போட்டு விடிவதற்குள் எத்தனை யூடியூப் வீடியோக்கள்! பிள்ளைகள் மறுத்து எழுதினார்கள். 24 மணி நேரத்தில் நீக்காவிட்டால் வழக்கு என்று ரஹ்மானின் வழக்கறிஞர்கள் நோட்டீஸ் விட்டார்கள். அந்த இளம் கலைஞர், அவர் எனக்குத் தகப்பன் மாதிரி என்று சொல்ல வேண்டி வந்தது. உடல்நிலை சரியில்லாமல் மும்பையில் இருந்த ரஹ்மானின் மனைவி சாயிரா பானு, தயவுசெய்து அவரைப் பற்றித் தப்பாகப் பேசாதீர்கள் என்று குரல் பதிவு போட வேண்டி வந்தது. நோயில் படுத்த ஒரு பெண், மைக் பிடித்தவர்களுக்கு விளக்கம் சொல்கிறார். ரஹ்மானின் ரசிகர்கள் ரஹ்மானைக் காப்பாற்ற ஓடினார்கள், அது நியாயம். மற்ற இரண்டு பெண்களைக் காப்பாற்ற ஓடியவர்கள் எத்தனை பேர்?

2021 அக்டோபரில் சமந்தாவுக்கும் இதே கதிதான். பிரிவைக் கணவரும் அவரும் சேர்ந்துதான் அறிவித்தார்கள். கருக்கலைப்பு, கள்ளக்காதல் என்ற சேறெல்லாம் ஒருவர் மேல்தான் விழுந்தது. ஹைதராபாத் கூக்கட்பள்ளி நீதிமன்றத்துக்குப் போய், அந்த வீடியோக்களை நீக்கச் சொல்லி அவர் உத்தரவு வாங்கினார்.

என் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. பிறர் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நியாயமில்லை.

1990-களின் கடைசி. ஒரு வார இதழில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு குணச்சித்திர நடிகர் இறந்துவிட்டார். ‘சாலிகிராமம் போ, ஆல்பத்திலிருந்து நல்ல படமா ஒண்ணு உருவிட்டு வா’ என்றார் ஆசிரியர். அப்போது அது வேலையின் ஒரு பகுதி. பெண் நிருபரை அனுப்பினால் உள்ளே விடுவார்கள் என்பதும் கணக்கு. போனேன். அழுது ஓய்ந்த வீடு. யாரோ ஒரு சித்தி எனக்குக் காபி கொடுத்தார். பத்து வயதிருக்கும், அவருடைய மகள், பீரோவைத் திறந்து ஆல்பத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அவளே பக்கம் பக்கமாகப் புரட்டி, ‘இது ஊட்டி ஆன்ட்டி, இது என் பர்த்டே’ என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் உருவிய படத்தில் அவர் லுங்கியோடு, சவரம் செய்யாத முகத்தோடு மொட்டை மாடியில் நிற்கிறார். தோளில் அவள். ‘திருப்பித் தந்துடுவீங்கள்ல?’ என்று கேட்டாள். தந்துவிடுவேன் என்றேன்.

படத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அவளை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுத்தார்கள். சவரம் செய்யாத முகம், குடியால் சீரழிந்தார் என்ற கட்டுரைக்குப் பொருத்தமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து ஆபீஸ் போனில் அவள் கூப்பிட்டாள். ‘ஆன்ட்டி, அந்தப் போட்டோ...’ படம் அச்சுக்கு அனுப்பிய இடத்தில் தொலைந்துபோயிருந்தது. தேடித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அடுத்தமுறை கூப்பிட்டபோது, வெளியே போயிருக்கிறேன் என்று சொல்லும்படி போன் எடுத்தவரிடம் ஜாடை காட்டினேன். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. அந்த இதழுக்கு ஒரு கண்டனக் கடிதம்கூட வரவில்லை. அவர் குணச்சித்திர நடிகர்தானே, மன்றம் ஏது?

இப்போது போட்டோ உருவ யாரும் சாலிகிராமம் போக வேண்டியதில்லை. இன்ஸ்டாகிராம் இருக்கிறது. அங்கேதான் உங்கள் எடிட்டர் அடுத்த வாதத்தை வைப்பார்: ‘அவங்களே போடுறாங்களே, நாம போட்டா என்ன?’ பாதி நியாயம். பட புரமோஷனுக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. ஆனால் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார் என்பதற்காக அந்த வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க முடியுமா? பொங்கலுக்கு அப்பா போட்ட படம், ரிசல்ட் அன்று நாம் போட எடுத்துக்கொடுத்த அனுமதி ஆகாது. பிள்ளைக்கு அந்த முதல் படத்தையே போட வேண்டாம் என்று சொல்ல வயதில்லை என்பது தனிக் கதை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. டெஸ்க்கில் வாதாட உதவும், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு நம் ஊர் வழக்கில் வந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடப் போக, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. பத்திரிகைக்கு வெற்றி. அதே தீர்ப்பில்தான் தனிமனிதருக்கும் ஒரு வேலி போட்டார்கள். தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய அந்தரங்கம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றைச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், பதவியில் இருப்பவர் பதவியில் செய்ததை எழுதலாம், தானே வலிய வந்து சர்ச்சையில் தலையைக் கொடுத்தவரைப் பற்றியும் எழுதலாம். அந்தப் பட்டியலில் ‘கல்வி’ என்று ஒரு சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? வாட்ஸ்அப்பில் சுற்றிய மார்க் ஷீட் பொது ஆவணம் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் உறுதிசெய்தது அதற்கு மேல் ஒரு பூட்டு. அதே 2017-இல் இன்னொன்றும் நடந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட்டில் மாநில அளவில் முதல் மூன்று இடம் யார் என்று அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழக அரசு நிறுத்தியது. பிள்ளைகள் மனசு பாதிக்கப்படுகிறது என்பதுதான் காரணம். முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் பெயரையே ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று அரசு முடிவெடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, குறைந்த மார்க் வாங்கிய பிள்ளையின் பெயரைத் தேடி எடுத்து நாம் போடுகிறோம்.

2023 ஏப்ரலில் அமிதாப் பச்சனின் பேத்தி விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பெண்ணுக்குப் பதினொரு வயது. உடல்நிலை மோசம், இறந்தே போனாள் என்றெல்லாம் யூடியூப் சேனல்கள் வீடியோ போட்டிருந்தன. பிரபலத்தின் பிள்ளையோ சாதாரண வீட்டுப் பிள்ளையோ, ஒவ்வொரு குழந்தைக்கும் மதிப்போடு நடத்தப்படும் உரிமை உண்டு என்று சொல்லி, அவற்றை நீக்க கூகுளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. பேத்திக்குப் பின்னால் பச்சன் குடும்பம் நின்றது, வழக்கறிஞர்கள் நின்றார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வாய்க்காது.

பிரஸ் கவுன்சில் விதிகளிலும், பிறர் வீட்டை எட்டிப் பார்க்கும் ஆர்வத்தைப் பொதுநலன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. அதற்குக் கண்டிக்கத்தான் அதிகாரம், அபராதம் போட முடியாது. உங்களைப் போன்ற இணையதளம் அதன் வட்டத்துக்குள் வராது என்றும் உங்கள் எடிட்டருக்குத் தெரிந்திருக்கும். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி உங்கள் தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவர் பெயர் போட்டிருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரபலங்களின் குடும்பத்தைப் பற்றியே எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் நடிகர் கட்சி ஆரம்பிப்பார், தலைவர் வீட்டுப் பிள்ளை பதவிக்கு வருவார், மனைவி பெயரில் கம்பெனி இருக்கும், மைத்துனருக்கு டெண்டர் போகும். அதையெல்லாம் விடாமல் எழுதுங்கள். உறவைச் சொல்லாமல் அதை எழுதவே முடியாது. குடிபோதையில் கார் ஓட்டி ஒருவரை இடித்த இருபத்தைந்து வயது மகன் செய்திதான். அதிகாரமோ பணமோ இன்னொருவருக்கு நேர்ந்த தீங்கோ உள்ளே இருந்தால் குடும்பமும் செய்தியாகும். மார்க், கல்யாணம், கரு, காய்ச்சல், அழுகை ஆகாது.

சாவு வீடு பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவரின் அந்தரங்க உரிமை அவரோடு போய்விடுகிறது, வாரிசுக்கு வராது என்று 2021-இல் ஜெயலலிதா பற்றிய படத்தை எதிர்த்து ஜெ. தீபா போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு சவப்பெட்டிக்குள் கேமராவை விடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பக்கத்தில் அழுகிறவர் உயிரோடுதான் இருக்கிறார், அவர் உரிமை அவரிடமே இருக்கிறது. 2018 பிப்ரவரியில் துபாயில் ஸ்ரீதேவி இறந்தபோது ஸ்டுடியோவில் குளியல் தொட்டியை வைத்து விளக்கம் சொன்னார்கள். ஒரு தெலுங்குச் சேனல் செய்தியாளர் தொட்டிக்குள் படுத்தே காட்டினார். இரண்டு பெண் பிள்ளைகள் எங்கோ உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கக்கூடும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. வேலையை விடச் சொல்ல மாட்டேன். கடன் கட்டுவது உங்கள் சம்பளம், என் வீரம் இல்லை. நீங்கள் போனால் அந்த நாற்காலியில் தூக்கம் கெடாத ஒருவர் வந்து உட்காருவார், அதுவும் ஒரு காரணம்.

ஒழுக்கம், அறம் என்று எடிட்டரிடம் பேசாதீர்கள். காலை மீட்டிங்கில் அது எடுபடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் முகம், பள்ளிப் பெயர், மார்க், மருத்துவ விவரம் வேண்டாம் என்று டெஸ்க்குக்கு ஒரே ஒரு விதி எழுதித் தரச் சொல்லுங்கள். வழக்கு வந்தால் யார் தலை என்று கேளுங்கள், அவருக்குப் புரிகிற மொழி அது. விதி வரும்வரை, இப்படி ஒரு செய்தி உங்கள் பக்கம் தள்ளப்பட்டால் ‘மகள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அதே நடிகரைப் பற்றிய வேறொன்றைக் கையில் வைத்துக்கொண்டு போய், ‘இதுக்குப் பதிலா இது’ என்று கேளுங்கள். அவர் சம்பளம், ஓடிடி விற்பனை, படம் நின்றுபோன காரணம், எத்தனையோ இருக்கிறது. வெறும் கையோடு போய் மறுத்தால் ‘இவன் வேலைக்கு ஆக மாட்டான்’ என்ற பெயர்தான் வரும். பத்தில் நாலு முறை ஜெயிப்பீர்கள். தோற்கிற ஆறு முறையும் உங்கள் பெயர் போடாமல் விடச் சொல்லுங்கள், அதற்கு எந்த எடிட்டரும் சண்டை போட மாட்டார்.

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். உங்களைப் போலவே நூறு பேர் அவளுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் நூற்றியோராவது அறிமுகமில்லாத ஆண். பொதுவில் பதிவு போட்டு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அதை எடுத்து ஒருவர் செய்தியாக்குவார், மார்க் திரும்பவும் ஊர்வலம் வரும்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் ஒரு டாக்டரைப் பாருங்கள். அப்புறம், தங்கை எத்தனை மார்க் என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்தேன், நல்லது.

நாளைக்கே செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. அந்தச் செய்தி இன்னும் உங்கள் தளத்தில் கிடக்கிறது. டிராஃபிக் எப்போதோ ஓய்ந்திருக்கும், அதனால் எடிட்டர் இப்போது ஒத்துக்கொள்வார். முழுசாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் மார்க்கையும் சீருடைப் படத்தையுமாவது எடுத்துவிடுங்கள். உள்ளே படத்தை மாற்றினால் மட்டும் போதாது. வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் லிங்க்கோடு வருகிற தம்ப்நெயில் தனியாகப் பதிந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். பக்கத்தின் முகவரியில் அவள் பெயர் இருந்தால் அதுவும் போக வேண்டும். முடித்துவிட்டு, கூகுளில் அவள் பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள்.